டி.கே. சண்முகத்தின் இளம்பருவம்: ஆசான்கள், விரும்பிய வேடங்கள், மேடைக் கனவுகள்

ஒத்திகைக்கூடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு பள்ளியில் தமிழாசிரியராகப் பணிபுரிகிறேன். ஆண்டு விழா நாடகங்களுக்கு மாணவர்களைப் பழக்கும் பொறுப்பு ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. எங்கள் குழுவில் இப்போது பதினான்கு வயது மாணவன் ஒருவன் இருக்கிறான். வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து நிற்பவன். வேடம் கட்டி மேடையில் நிறுத்திவிட்டால் அவனுடைய தோள் நிமிர்வதையும், பார்வை கடைசி வரிசை வரைக்கும் போய் நிற்பதையும் பார்த்துப் பலமுறை வியந்திருக்கிறேன். சென்ற ஆண்டு அவன் அபிமன்யுவாக நடித்தான்.

அண்மையில் ஒத்திகை முடிந்து கிளம்பும்போது அவன் என்னிடம், தன் வயதில் நாடகத்தையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர்கள் இருந்திருக்கிறார்களா, அவர்கள் யாரிடம் கற்றுக்கொண்டார்கள், வளர்ந்த பிறகு என்ன ஆக வேண்டும் என்று நினைத்தார்கள் என்று கேட்டான். எனக்கு உடனே நினைவுக்கு வந்த பெயர் நாடக நடிகர் டி.கே. சண்முகம். பெயரைச் சொன்னதும், "ஔவை சண்முகி படத்துல வர்ற பேருங்களா ஐயா?" என்றான். 1996இல் வந்த அந்தப் படத்தின் தலைப்பு அவருக்குச் செய்த மரியாதை என்பதையும், 1942இல் ஔவையாராக மேடையேறியதால்தான் அவருக்கு ‘ஔவை’ என்னும் அடைமொழி நிலைத்தது என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே ஒன்று உறைத்தது. ஔவையாராக நடித்தபோது சண்முகத்திற்கு முப்பது வயது. மாணவன் என்னிடம் கேட்டது தன் வயதுக்காரர் ஒருவரைப் பற்றி. அந்த வயதுச் சண்முகத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

1912 ஏப்ரல் 26இல் பிறந்த சண்முகம், 1918இல், ஆறு வயதில், சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக இருந்த மதுரை தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அண்ணன்மாரோடு சேர்ந்தார். 1925 மார்ச்சில் சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கியபோது அவருக்குப் பதின்மூன்று வயது நிறைந்திருக்கவில்லை. 1931இல் ‘தேசபக்தி’ அரங்கேறியபோது பத்தொன்பது. இந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு நடிகர் முழுமையாக உருவாகிவிட்டார் என்பது என் எண்ணம். பிற்காலப் பெருமைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த இளைஞரை உருவாக்கியவர்கள் யார், அவர் மனம் ஒன்றி நடித்த வேடங்கள் எவை, அவருடைய இலட்சியம் என்ன என்பதை மட்டும் இங்கே பேச வேண்டும் என்று விரும்புகிறேன். அறிந்தவர்கள் எழுதுங்கள்.

பின்பாட்டு எழுதியது:

நல்ல இழையைத் தொடங்கியிருக்கிறீர்கள், ஐயா. என் தந்தை மதுரை வட்டாரத்தில் ஸ்பெஷல் நாடகங்களுக்கு, அதாவது வெவ்வேறு இடத்து நடிகர்களை ஓர் இரவுக்கு மட்டும் சேர்த்து நடத்தும் நாடகங்களுக்கு, ஆர்மோனியம் வாசித்தவர். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கும் வள்ளி திருமணம் நாடகங்களை மேடையோரத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன்.

சண்முகத்தை உருவாக்கியவர் யார் என்ற கேள்விக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் என்ற ஒரே பெயர்தான் என் விடை. சுவாமிகள் 1867இல் பிறந்தவர். எமனாகவும் சனீஸ்வரனாகவும் இரணியனாகவும் நடித்துப் பெரியவர்களையே நடுங்க வைத்தவர் என்று நாடக உலகில் இன்றும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் வேடம் கட்டுவதை விட்டுவிட்டுச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்ததற்குக் காரணம் இருந்தது. அன்றைய நடிகர்கள் பலர் கதையை மறந்து, மேடையிலேயே ஒருவரையொருவர் மடக்குவதற்காக மணிக்கணக்கில் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். எழுதிக்கொடுத்த வரியை எழுதியபடி சொல்லும் நடிகர் அவருக்குத் தேவைப்பட்டார். அந்தக் கட்டுப்பாட்டைப் பெரியவர்களிடம் அவரால் கொண்டுவர முடியவில்லை, சிறுவர்களிடம் கொண்டுவந்தார்.

‘அபிமன்யு சுந்தரி’ பிறந்த கதையை உங்கள் மாணவனுக்கு அவசியம் சொல்லுங்கள். சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்காகவே சுவாமிகள் அந்த நாடகம் முழுவதையும், பாட்டும் வசனமுமாக, ஒரே இரவில் எழுதி முடித்தார். இதைப் புலமையின் வேகத்திற்குச் சான்றாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. ஆசிரியர் தம் மாணவனுடைய குரல் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், நிற்கும், மூச்சு எந்த இடத்தில் முடியும், எந்த எழுத்து அவன் நாவில் அழகாக உருளும் என்பதையெல்லாம் நாள்தோறும் கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்து வைத்திருந்தால்தான் அப்படி எழுத முடியும். அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போன்றது அந்த நாடகம். பத்து வயதுகூட நிரம்பாத சிறுவனுக்கு அதைவிடப் பெரிய பேறு என்ன இருக்கிறது?

பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களின் பிள்ளைகள் ஐந்து கட்டையில் சர்வசாதாரணமாகப் பாடுவார்கள் என்று என் தந்தை சொல்வார். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் புரிய வேண்டும். மெட்டு மட்டும் காதில் விழுந்தால் போதாது. வல்லினம் மெல்லினம் குழையாமல் உச்ச சுருதியில் விருத்தம் பாடும் பயிற்சியைத்தான் சுவாமிகள் கொடுத்தார். பிற்காலத்தில் சண்முகத்தின் உச்சரிப்பைப் பாராட்டாதவர்கள் இல்லை. அதன் வேர் இங்கே இருக்கிறது.

குமரிக்கரை எழுதியது:

பின்பாட்டு ஐயா எழுதியதைப் பெருமதிப்போடு படித்தேன். ஆனாலும் ‘ஒரே பெயர்’ என்று அவர் முடித்துவிட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. சுவாமிகள் பக்கவாதத்தால் தாக்குண்டு, 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். அப்போது சண்முகத்திற்குப் பத்து வயது. பதின்ம வயது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த வயதுக்குரிய ஆசான் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் எம். கந்தசாமி முதலியாரைத்தான் நான் சொல்வேன். நடிகர் எம்.கே. ராதாவின் தந்தை அவர். நாடக மறுமலர்ச்சித் தந்தை என்று அவரைப் போற்றுவதுண்டு.

முதலியாரின் பாடமுறை வேறு. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’, ‘இராஜேந்திரா’, ‘சந்திரகாந்தா’ முதலிய நாவல்களை அவர் நாடகமாக்கினார். புராண வேடங்களில் மட்டுமே பழகியிருந்த சிறுவர்கள் முதன்முறையாக வக்கீலாகவும் துப்பறிபவராகவும் சாதாரணக் குடும்பத்துப் பெண்ணாகவும் மேடைக்கு வந்தார்கள். மகுடமும் புஜகீர்த்தியும் இல்லாமல், வேட்டி சட்டையோடு நின்று, வீட்டில் பேசுவது போலப் பேசி, அதையும் கடைசி வரிசைக்குக் கேட்கச் செய்வது எவ்வளவு கடினம் என்பது நடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அரச வேடத்தில் உடையும் அணியும் பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே நடிகனைத் தவிர வேறு துணை கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்கள் எல்லோரும் அஞ்சியது மகரக்கட்டுக்குத்தான். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும்போது, நேற்று வரை ஐந்து கட்டையில் நின்றவனுக்கு இன்று மூன்று கட்டைகூட எட்டாது. எத்தனையோ சிறுவர்களின் நாடக வாழ்க்கை அந்த ஓரிரு ஆண்டுகளில் முடிந்துபோயிருக்கிறது. அயன் ஸ்திரீபார்ட்டாக, அதாவது முதன்மைப் பெண் வேடக்காரனாக, கொடிகட்டிப் பறந்தவன் திரை இழுக்கும் வேலைக்கு வந்ததும் உண்டு. பாட்டை மட்டும் நம்பியிருந்தவர்கள் அந்த ஆற்றில் மூழ்கினார்கள். வசனத்தையும் பார்வையையும் உடலையும் கொண்டு நடிக்கக் கற்றவர்கள் கரையேறினார்கள். சண்முகம் கரையேறியதற்கு முதலியாரிடம் பெற்ற பயிற்சியே தெப்பமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பின்பாட்டு எழுதியது:

மகரக்கட்டைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. என் தந்தையும் சிறுவயதில் பாடி நடித்தவர்தான். குரல் போன பிறகுதான் ஆர்மோனியத்தின் பக்கம் வந்தார். "என் தொண்டையில போனது விரல்ல வந்து சேர்ந்துச்சு" என்று சொல்வார். சுவாமிகள் இட்ட அடித்தளம் இல்லாவிட்டால் முதலியார் எதன்மேல் கட்டியிருப்பார் என்பதை மட்டும் கேட்டு வைக்கிறேன்.

ஒத்திகைக்கூடம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. குரல் உடைவதைப் பற்றிய பகுதியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. என் மாணவனுக்கு இப்போது நடந்துகொண்டிருப்பது அதுதான். சென்ற ஆண்டு கணீரென்று பாடிய அதே விருத்தத்தை இந்த மாதம் பாடச் சொன்னேன். மூன்றாவது அடியில் குரல் இரண்டாகப் பிளந்தது. கூட இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனவன் வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். அவன் என்னிடம் கேள்வி கேட்டது அன்று மாலைதான் என்பதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

சண்முகத்தின் ஆசான்கள் வரிசையில் அவருடைய தந்தை கண்ணுசாமிப் பிள்ளையையும் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பெயர் பெற்ற ஸ்திரீபார்ட் நடிகர். ஆண் உடலைக் கொண்டு பெண்ணின் நடையையும் நாணத்தையும் துயரத்தையும் காட்டிய ஒருவரை, வேடத்திலும் வேடம் கலைந்த பிறகும் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அந்தக் குழந்தைக்குக் கிடைத்திருக்கிறது. நடிப்பு என்பது பார்த்துப் பார்த்து உடலில் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் என்பதை அவர் எழுத்து அறிவதற்கு முன்பே அறிந்திருப்பார். முப்பதாவது வயதில் ஔவைப் பாட்டியாகக் கூன் விழுந்து நடந்து வந்தவரை ‘திடீரென்று ஓர் அற்புதம்’ என்று சொல்வதற்கில்லை.

இனி வேடங்களுக்கு வருவோம். நாரதர், அபிமன்யு, மனோகரன் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு நடிகனின் வளர்ச்சி கண்முன்னே தெரிகிறது. சிறுவன் நாரதராக வரும்போது அவையோர் முதலில் இரசிப்பது மழலையைத்தான். பெரியவர் சொல்ல வேண்டிய சொல்லைச் சிறுவன் சொல்கிறான் என்பதே அங்கே சுவை. அபிமன்யுவில் அந்தச் சலுகை இல்லை. காடு கடந்து போகும் வழியில், தன் அண்ணன் என்று அறியாமலேயே கடோற்கசனோடு மோதும் அந்தப் பாலகனுக்கு, நடிப்பவனின் வயதும் பாத்திரத்தின் வயதும் ஒன்றாகப் பொருந்துகின்றன. தன் அச்சத்தையும் துணிவையும் அப்படியே கொண்டுவந்து வைத்தால் போதும். எந்த இளம் நடிகனும் அந்த வேடத்தை விரும்பாமல் இருக்க மாட்டான்.

மனோகரன் இவை எல்லாவற்றிலும் பெரிது. நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் தாமே எழுதி, தாமே நடித்துப் புகழ் பெற்ற பாத்திரம் அது. வசந்தசேனையின் வலையில் விழுந்த தந்தை, அவமதிக்கப்பட்ட தாய், கையில் வாள் இருந்தும் தாய்க்குக் கொடுத்த வாக்கால் கட்டுண்ட மகன். சங்கிலியால் பிணைக்கப்பட்டு அரசவையில் நிற்கும் காட்சியை 1954இல் வந்த திரைப்படத்தின் வழியாக நம்மில் பெரும்பாலோர் அறிவோம். சங்கிலியை அறுக்கும் இடத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதற்கு முன்பு அவன் அறுக்காமல் நிற்கும் அந்த நீண்ட நேரத்தில்தான் நடிகன் யார் என்பது தெரியும். சினத்தை அடக்கி வைத்திருப்பதை முதுகிலும் கழுத்து நரம்பிலும் காட்ட வேண்டும். வாயைத் திறந்து கத்திவிட்டால் பாத்திரம் சரிந்துவிடும். இளம் வயதிலேயே சண்முகம் இந்த வேடத்தை ஏற்று அதில் பேர் வாங்கினார் என்பதை நினைக்கும்போது எனக்கு மலைப்பாக இருக்கிறது.

சங்கிலியண்டபுரம் எழுதியது:

இழையை விட்டு விலகுவதாக எண்ண வேண்டாம். அந்தத் திரைப்படத்தில் மனோகரனாக நடித்த சிவாஜி கணேசனைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவரும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் சேர்ந்து முதலில் சீதையாக நடித்தார். பிறகு பரதனாகவும் சூர்ப்பனகையாகவும் இந்திரஜித்தாகவும், ஒரே இராமாயணத்திற்குள் முற்றிலும் மாறுபட்ட வேடங்களை ஏற்றார். சீதையையும் அவளுக்குத் தீங்கு நினைப்பவளையும் ஒரே உடலால் நடித்துப் பழகியவருக்குப் பிற்காலத்தில் எந்த வேடமும் அயலாகத் தோன்றாததில் வியப்பில்லை. 1946ஆம் ஆண்டளவில் அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்’ நாடகத்தில் சத்ரபதியாக நடித்தபோது அவர் பதின்ம வயதின் இறுதியில் இருந்தார். அந்த வேடத்தைப் பார்த்துப் பெரியார் சூட்டிய பெயர்தான் வாழ்நாள் முழுவதும் அவரோடு வந்தது.

நான் சொல்ல வந்தது இலட்சியத்தைப் பற்றி. சிறுவயதில் திருச்சியில் கட்டபொம்மன் நாடகத்தைப் பார்த்ததுதான் நடிகனாக வேண்டும் என்ற எண்ணத்தைத் தமக்குள் விதைத்தது என்று அவரே கூறியிருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து, 1957இல், சக்தி கிருஷ்ணசாமி எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகத்தைத் தம் சொந்த மன்றத்தின் வழியாக மேடையேற்றி, அந்தப் பாத்திரத்தைத் தாமே ஏற்றார். குழந்தைப் பருவத்தில் கண்ட ஒரு வேடத்தை அடைவதற்காக ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறார். சண்முகத்திடம் இப்படி ஒரு குறிப்பிட்ட வேடத்தை நோக்கிய ஏக்கம் இருந்ததா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். எனக்கென்னவோ, அவருடைய கனவு வேடத்தைப் பற்றியதாக இல்லாமல் மேடையைப் பற்றியதாக இருந்தது போலத் தோன்றுகிறது.

பின்பாட்டு எழுதியது:

மிகச் சரியாகச் சொன்னீர்கள். நானும் அதைத்தான் எழுத நினைத்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தம் பெயரால் ஒரு சபை தொடங்கப்படும்போது, அந்தச் சிறுவன் வெறும் நடிகனாக இருக்க முடியாது. நாளை கொட்டகைக்கு வாடகை கொடுக்க வேண்டும், ஊர் மாறும்போது திரைச்சீலைகளையும் உடைப்பெட்டிகளையும் ஏற்றி அனுப்ப வேண்டும், உடன் இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் இரண்டு வேளைச் சோறு போட வேண்டும் என்ற கவலைகளுக்கு நடுவில்தான் அவர் வளர்ந்திருக்கிறார். அந்தச் சபையில்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் வளர்ந்தார்.

வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ தடைக்குள்ளான நாடகம். அதைத்தான் 1931இல் சகோதரர்கள் ‘தேசபக்தி’ என்ற பெயரில், பாரதியாரின் பாடல்களைச் சேர்த்து, மேடையேற்றினார்கள். கலைவாணர் அதில் காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். அதே ஆண்டில்தான் தமிழின் முதல் பேசும் படமும் வந்தது. மற்றவர்கள் சினிமாவின் பக்கம் பார்வையைத் திருப்பத் தொடங்கிய நேரத்தில், பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர், சிறைக்குப் போக நேரிடலாம் என்பதை அறிந்தும், நாடகத்தால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். படங்களிலும் அவர்கள் நடித்தார்கள். 1935இல் ‘மேனகா’ வந்தது. ஆனாலும் திரும்பத் திரும்ப மேடைக்கே வந்தார்கள். 1944இல் ஈரோட்டில் நாடகக் கலைக்கென்று ஒரு மாநாடே கூட்டினார்கள். 1955இல் அரு. இராமநாதனின் ‘இராஜராஜ சோழன்’ நாடகத்தை அரங்கேற்றினார்கள். இவை எல்லாம் பிற்கால நிகழ்ச்சிகள் என்றாலும், இவற்றுக்கான வைராக்கியம் பதின்ம வயதில் பட்ட அவமானத்தில் பிறந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அவமானம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ‘கூத்தாடிப் பயல்’ என்ற சொல்லைக் கேட்காமல் அந்தக் காலத்தில் எந்த நாடகச் சிறுவனும் வளர்ந்ததில்லை. என் தந்தை குடியிருக்க வீடு தேடிப் போன ஓர் ஊரில், தொழிலைக் கேட்டதும் வீட்டுக்காரர் திண்ணையில் வைத்திருந்த செம்பை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். தண்ணீர் கேட்டுவிடுவாரோ என்று அஞ்சியிருப்பார். அன்று இரவு அதே வீட்டுக்காரர் அரிச்சந்திரன் மயான காண்டத்தைப் பார்த்து முன்வரிசையில் அழுததையும் தந்தை பார்த்திருக்கிறார். மேடையில் கிடைக்கும் மதிப்பு மேடையை விட்டு இறங்கியதும் ஏன் போய்விடுகிறது என்ற கேள்வியை அந்தத் தலைமுறையினர் ஒவ்வொருவரும் சுமந்தார்கள். நடிகனுக்குச் சமூகத்தில் தலைநிமிர்ந்து நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் சண்முகத்தின் இலட்சியம் என்று நான் சொல்வேன்.

கொடுமுடிக்காரி எழுதியது:

எல்லோரும் எழுதியதை ஊன்றிப் படித்தேன். சண்முகம் அவர்கள்மேல் எனக்கும் அளவற்ற மரியாதை உண்டு. ஆயினும் பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றிப் பேசும்போது, அங்கே கரையேறாமல் போனவர்களை நாம் மறந்துவிடக் கூடாது. பள்ளிப் படிப்பை இழந்து, தாயைப் பிரிந்து, பாடம் தவறினால் அடி வாங்கி, குரல் போனதும் கைவிடப்பட்ட சிறுவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே இல்லை. சண்முகத்தோடு அண்ணன்மார் இருந்தார்கள். காய்ச்சலில் கிடந்தால் நெற்றியில் கைவைத்துப் பார்க்க உடன்பிறந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார் என்பதை அவருடைய ஆசான்களுக்கு இணையாக நான் மதிக்கிறேன். திறமை ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கைதான் அவரைக் காப்பாற்றியிருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வழியும் இல்லை. பாய்ஸ் கம்பெனியில் சீதைக்கும் சாவித்திரிக்கும் ஆண் பிள்ளைகளே போதும் என்றிருந்த காலத்தில், எங்கள் ஊரான கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாக வேலு நாயர் குழுவில் சேர்ந்து, ‘நல்லதங்காள்’ நாடகத்தில் ஆண் குழந்தையின் வேடத்தைத்தான் முதலில் போட்டார். பசியால் துடிக்கும் அந்தப் பிள்ளையாக அவர் பாடியபோது, அதற்காகத் தனியாக எதையும் கற்றிருக்கத் தேவையில்லை. பசி அவருக்குத் தெரிந்ததுதான். பின்னாளில் நந்தனாராகத் திரையில் நடிக்க ஓர் இலட்சம் ரூபாய் பெற்றவரும் அவரே. சண்முகத்துக்கு அளவெடுத்து ஒரே இரவில் நாடகம் எழுதிக் கொடுக்கச் சுவாமிகள் இருந்தார். சுந்தராம்பாளுக்கு அப்படி யார் எழுதினார்கள்? இதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் மாணவனுக்குச் சொல்லும்போது, குழுவில் இருக்கும் மாணவிகளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

குமரிக்கரை எழுதியது:

கொடுமுடிக்காரி அம்மா சொல்வதில் உள்ள நியாயத்தை மறுக்கவே முடியாது. பாய்ஸ் கம்பெனி மீண்டும் வர வேண்டும் என்று நம்மில் யாரும் கேட்கவில்லை. அங்கே இருந்த ஒன்று மட்டும் இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். அவர்கள் நாள்தோறும் மேடையேறினார்கள். இன்றைய மாணவன் ஆண்டுக்கு ஒருமுறை, இருபது நிமிடம் நடிக்கிறான். அதற்குள் முடித்துவிடச் சொல்லிப் பின்னாலிருந்து கைகாட்டுகிறார்கள். பக்கத்திரை ஓரத்தில் நின்று மூத்த நடிகர் ஒருவரின் ஒரே வேடத்தை நூறு இரவுகள் பார்ப்பதால் வரும் பயிற்சியை எந்தப் பட்டறையாலும் ஈடுசெய்ய இயலாது. கமல்ஹாசன் தம் சிறுவயதில் சண்முகம் சகோதரர்களின் டி.கே.எஸ். நாடகக் குழுவில் பழகியதை இன்றும் தம் அடிப்படையாகக் கருதிப் பேசுகிறார் என்றால், அந்தப் பக்கத்திரை ஓரத்திற்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

ஒத்திகைக்கூடம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே எழுதப்பட்ட எல்லாவற்றையும் அச்செடுத்து அந்த மாணவனிடம் கொடுத்தேன். கூடவே சண்முகம் 1972இல் வெளியிட்ட ‘எனது நாடக வாழ்க்கை’ நூலையும் நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் அதிகம் பேசவில்லை. மகரக்கட்டு என்ற சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தான். தனக்கு நேர்ந்திருப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அது தனக்கு முன்பே ஆயிரம் பேருக்கு நேர்ந்திருக்கிறது என்பது அவனுக்கு ஏதோ ஓர் ஆறுதலைத் தந்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டும் அபிமன்யுதான் என்று நான் முடிவு செய்திருந்தேன். அவனாகவே வந்து, அபிமன்யுவை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கொடுத்துவிடுமாறு கேட்டான். அவளுடைய குரல் நான்கரைக் கட்டையில் உறுதியாக நிற்கிறது என்பதை எனக்கு முன்பே அவன் கவனித்திருக்கிறான். தனக்கு மனோகரன் வேண்டும் என்றான். பாட்டே இல்லாமல், அரசவைக் காட்சி மட்டும் போதும் என்றான். சங்கிலியோடு நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான்.

நேற்று ஒத்திகையில் அந்தப் பெண் விருத்தத்தைப் பாடிக்கொண்டிருந்தபோது நான் தற்செயலாகப் பக்கத்திரையின் ஓரத்தைப் பார்த்தேன். அவன் அங்கே சுவரில் சாய்ந்து நின்று, அவள் பாடும் ஒவ்வொரு அடியையும் ஓசை இல்லாமல் உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தான். சென்ற ஆண்டு தான் மூச்சு வாங்கிய இடம் வந்ததும் அவளைப் பார்த்துக் கையை இலேசாக உயர்த்தினான். அவளும் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டாள்.

பின்பாட்டு ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் பள்ளியில் இருக்கும் ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகள் பேசுவதில்லை. தங்கள் தந்தையாரின் பெட்டி இன்னும் தங்களிடம் இருந்தால், ஒரு நாள் வந்து அந்தப் பெண்ணுக்கு வாசிக்க முடியுமா?

பின்பாட்டு எழுதியது:

பெட்டி இருக்கிறது, ஐயா. துருத்தியை மட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரையும் ஒத்திகை நாளையும் தனிமடலில் அனுப்புங்கள். பாட்டு முடிந்ததும் கிளம்பிவிட மாட்டேன். மனோகரனையும் இருந்து பார்த்துவிட்டுத்தான் வருவேன்.